எப்போக்காவின் ஏழு தையல்

மெத்தைக் கடையில் அவளுக்கு எப்போக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது.

யார் கடைக்குள் நுழைந்தாலும் அவள் பேச்சு எப்போவில்தான் தொடங்கும். எப்போலேர்ந்து வலிக்குது, எப்போ படுப்பீங்க, எப்போ முழிப்பு வருது. ஏன் என்று மட்டும் மறந்தும் கேட்க மாட்டாள். ஏன் என்று கேட்டால் மனிதர்கள் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல விறைத்துக்கொள்கிறார்கள், எப்போ என்று கேட்டால் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. உட்கார்ந்த எவரும் பேசாமல் எழுந்ததில்லை.

பத்தொன்பது வருடம் முன்பு அவள் சேர்ந்தது கடையின் பின்பக்கத் தையல் அறையில். ஃபோமுக்கு உறை மாட்டி, நாலு ஓரமும் பட்டை வைத்துத் தைத்து மூட வேண்டும். எட்டு வருடம் மூடினாள். ஊரில் யார் யாரோ படுத்துத் தூங்கப்போகிற மெத்தைகளை முகம் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முன்கடையின் விற்பனையாள்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல். "யாராவது ஒருத்தர் முன்னாடி வந்து நில்லுங்கம்மா, கடை காலியாத் தெரியக் கூடாது" என்று முதலாளி குரல் கொடுத்தார். பக்கத்து மெஷின்காரி ரேடியோ அவளை முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். வாய் மூடாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

முதல் ஆளாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஏற்கெனவே மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். எல்லா இடத்திலும் "சாஃப்ட்டா வேணுமா, ஹார்டா வேணுமா" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் சாஃப்ட் என்று சொல்லியிருக்கிறார். சரக்கைப் புகழ்ந்து பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. வேன் ஓட்டும் தன் புருஷனிடம் தினமும் கேட்கத் தோன்றி, அவர் "ம்" என்று முடித்துவிடுவதால் கேட்காமலே விட்டிருந்த ஒன்றைக் கேட்டாள்.

"காலையில எழுந்ததும் முதல்ல எங்க கை வைப்பீங்க?"

கண்டக்டர் யோசித்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் மனசுக்குள் தைக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது தையலில் கண்டக்டரின் கை தானாக வலது இடுப்புக்குப் போனது. வாய் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. கை பதில் சொல்லிவிட்டது.

"அட" என்றார் அவர், தன் கையையே பார்த்து. "ஏம்மா, இதை என் பொண்டாட்டிகூட என்கிட்ட கேட்டதில்லை."

முப்பத்திரண்டு வருடம் வலது காலில் எடை போட்டு நின்றபடி டிக்கெட் கிழித்த உடம்பு. அவருக்கென்று தனியாக ஃபோம் வெட்டச் சொன்னாள். மூடுவதற்கு முன்னால், என்ன தோன்றியதோ, ஃபோமின் பக்கவாட்டில் நீல மார்க்கரால் எழுதினாள். *கண்டக்டர் ஐயா. வலப் பக்கம். நாலு மணி. இடுப்பு.* என்றாவது மெத்தை திரும்பி வந்தால் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று தெரிய வேண்டுமில்லையா. மெத்தை வரவில்லை, கண்டக்டர்தான் வந்தார், வருடம் தவறாமல், சும்மா பேசிவிட்டுப் போக.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவள் முன்கடையில் நின்றாள். அளவெடுத்துச் செய்கிற ஒவ்வொரு மெத்தையின் உள்ளேயும் மூன்று பதில்கள், நீல எழுத்தில். ரேடியோவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? கேட்ட கேள்விக்கு அவள் கொடுத்த மரியாதை அது.

"அம்மா, நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பாள் மகள்.

"போலீஸ்காரங்க ஏன்னு கேப்பாங்கடி. அதான் எவனும் உண்மையச் சொல்றதில்லை."

இரண்டு வருடம் முன்பு புது மேனேஜர் வந்தான். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, வாயைத் திறந்தால் தேன். முதல் வாரமே அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"எப்படித்தான் இப்படிப் பேசவைக்கிறீங்களோ! எனக்கும் சொல்லிக்கொடுங்கக்கா. உங்க தம்பி மாதிரி நினைச்சுக்கோங்க."

"தம்பின்னு சொல்றவன்கிட்ட உஷாரா இரு" என்றாள் ரேடியோ. "பங்கு கேக்கறதுக்குன்னே பொறக்கறவன்தான் தம்பி."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, கேட்டதையெல்லாம் சொன்னாள். பழைய மெத்தையில எந்தப் பக்கம் பள்ளம் விழுந்திருக்குன்னு கேளு. தனியா படுக்கறவங்களா, ரெண்டு பேரான்னு கேக்காமலே தெரிஞ்சுடும். தலைகாணி எத்தனைன்னு கேளு, கழுத்து சொல்லிடும். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். கேட்டுவிட்டு ஏழு தையல் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். அதை அவன் எழுதவில்லை. "அது கேள்வி இல்லையேக்கா" என்றான்.

வருடக் கடைசியில் முதலாளியின் ஆறு கடை ஆட்களும் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். எல்லார் கையிலும் பளபளவென்று ஒரு கார்டு கொடுக்கப்பட்டது. வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய இருபது கேள்விகள். ஒன்றாவது கேள்வி: காலையில் எழுந்ததும் முதலில் எங்கே கை வைப்பீர்கள்? கீழே மேனேஜரின் பெயர், படம்.

"இதெல்லாம் உனக்கு எப்படிப்பா தோணுச்சு?" என்றார் முதலாளி.

"அனுபவம் சார். வாடிக்கையாளர் மனசுக்குள்ள இறங்கிப் பார்க்கணும்."

மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய கைகளும், சுற்றிலும் எல்லாரும் தட்டுகிறார்களே என்று, தட்டின. அவன் செய்ததைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. தன் கைகள் தட்டியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

மறு வாரம் அவன் அவளைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்வதுபோலச் சொன்னான். "இப்போதான் எல்லார்கிட்டயும் கார்டு இருக்கேக்கா. நீங்க ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கறீங்க. தையல்ல ஆள் பத்தலை. நாள் பூரா நின்னா உங்களுக்கும் கால் வலிதானே."

"எப்போலேர்ந்து?"

"இன்னைலேர்ந்து."

அவள் பின்பக்கம் போனாள். பழைய மெஷின், பழைய ஸ்டூல். ரேடியோ அன்றைக்கு ஒரு மணி நேரம் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரப் பட்டையைத் தைத்தாள். முன்கடையிலிருந்து விற்பனையாளின் குரல் கேட்டது: "காலையில எழுந்ததும் முதல்ல எங்க கை வைப்பீங்க? இடுப்பா, கழுத்தா? இடுப்புதானே? இடுப்புன்னா இந்த மாடல் பாருங்க." ஒரு தையல் நேரம்கூடக் காத்திருக்கவில்லை. அவளுடைய கேள்வி அங்கே காது அறுந்த ஊசியாய்க் கிடந்தது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். ஆனால் அன்றைக்கு அந்த "ம்" கொஞ்சம் நீளமாக இருந்தது.

"நேரா முதலாளிகிட்ட போய்ச் சொல்லேன்மா" என்றாள் மகள்.

"சொன்னா பொறாமையில பேசறான்னுதான் நினைப்பார். அவன் வாயாலயே வரணும்டி. முதலாளி பார்க்க, அவன் வாயாலயே."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். முன்கடையில் தன் இடம் திரும்பி வர வேண்டும். அவனை யாரும் தள்ளக் கூடாது, அவனே தடுக்கி விழ வேண்டும். ஊசி கோக்கும்போதும் நூல் அறுக்கும்போதும் இதையே கறுவிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் பின்வாசலில் ஒரு மெத்தை வந்து இறங்கியது. பழுது வேலைகளெல்லாம் பின்சந்து வழியாகத்தான் வரும். கொண்டுவந்தவள் ஐம்பது தாண்டிய அம்மா, இடுப்பில் சாவிக்கொத்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற நர்ஸ் விடுதியை நடத்துகிறவள். உறையின் மூலை பிய்ந்திருந்தது. தைத்து வையுங்கள், இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள்.

உறை புதுசு. கடையின் லேபிள் மின்னியது. ஓரத்தைத் தடவியதும் அவள் விரல் நின்றது. இது தன் தையல் இல்லை, ரேடியோவுடையதும் இல்லை. யாரோ அவசரத்தில் இழுத்துப் பிடித்துத் தைத்தது. ஒரு சாண் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஃபோம் பழுத்து மஞ்சளாகி, நடுவில் ஆள் கிடந்த பள்ளத்தோடு இருந்தது. இன்னும் ஒரு சாண் பிரித்தாள்.

*கண்டக்டர் ஐயா. வலப் பக்கம். நாலு மணி. இடுப்பு.*

கண்டக்டர் போன வருடத்துக்கு முந்தின வருடம் தவறிவிட்டார். அவருடைய பையன் வந்து, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் திட்டத்தில் மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படி வருகிற பழைய ஃபோமைக் கிழித்துத் துண்டாக்கிவிட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். கிழித்தாயிற்று என்று கையெழுத்துப் போடுகிறவன் மேனேஜர்.

ரேடியோ எட்டிப் பார்த்தாள். நீல எழுத்தை வாய்விட்டுப் படித்தாள். பிறகு சொன்னாள்: "போன வருஷம் ஞாயித்துக்கிழமைல வெளியாள் ரெண்டு பேரை வச்சு இங்க மெஷின் ஓட்டினான். நான் குடையை மறந்துட்டு எடுக்க வந்தப்போ பார்த்தேன். ஸ்டாக் சரிபண்றோம்னான். பழசுக்குப் புது உறை மாட்டி இதைத்தான் சரிபண்ணியிருக்கான் படுபாவி."

எப்போக்கா மார்க்கர் எழுத்தை விரலால் தொட்டாள். கேள்வியை எடுத்துக்கொண்டு போனவன் பதிலை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

இரண்டு நாள் கழித்து விடுதி அம்மா வந்தாள். எப்போக்கா அவளை ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"இதை எப்போம்மா வாங்கினீங்க?"

"போன வருஷம். ஒரு புரோக்கர் மூலமா, மொத்தம் இருபத்தி நாலு மெத்தை. உங்க கடைச் சரக்குன்னு நம்பித்தான் வாங்கினேன்."

"யாரு படுக்கறா இதுல?"

"புதுசா வந்த நர்ஸ் பொண்ணு. நாள் பூரா வார்டுல நிக்குது. வந்தா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்குது. எல்லாப் பொண்ணுங்களும் ஏதாவது ஒண்ணு சொல்லிக்கிட்டேதான் இருக்குங்க. புதுக் கட்டடம் வேற வருது, நூத்தி எண்பது மெத்தை வேணும். வேற கடைதான் பார்க்கணும்."

வலது இடுப்பா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மனசுக்குள் வேறொரு துணி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

"வேற கடைக்குப் போகாதீங்கம்மா. வர்ற மாசம் முதல் திங்கக்கிழமை முன்வாசல் வழியா வாங்க. முதலாளி அன்னைக்கு இருப்பார். உங்களை ஒரு கேள்வி கேப்பாங்க. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க, எதையும் விழுங்காதீங்க."

"அப்போ இந்த மெத்தை?"

"இது இங்க இருக்கட்டும். இதுல வேலை நிறைய இருக்கு. அன்னைக்கே பார்த்துக்கலாம்."

விடுதி அம்மா ஏதோ கேட்க வந்தவள்போல நின்றாள். பிறகு சாவிக்கொத்து குலுங்கப் போய்விட்டாள். எப்போக்கா மெத்தையைச் சுவரோரம் தள்ளி, மேலே பழைய துணியைப் போட்டு மூடினாள். முதல் திங்கட்கிழமைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. வெட்டுகிற கத்தியைத் தீட்டுகிறவள்போல அந்த நாள்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

கடைசி வெள்ளிக்கிழமை மேனேஜர் தையல் அறைக்கே வந்தான். தூசி ஆகாது என்று வாசல்படி தாண்டாதவன், மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி உள்ளே வந்து, உட்கார இடம் தேடி, சுவரோரம் துணி மூடிக் கிடந்த மெத்தையின் மேல் உட்கார்ந்தான். ரேடியோ வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு பெரிய பார்ட்டி வர்றதா போன் பண்ணியிருக்காங்க. நர்ஸ் விடுதி, நூத்தி எண்பது. திங்கக்கிழமை முதலாளி வேற பக்கத்துல இருப்பார். என்ன கேட்டா ஆள் மடங்கும்?"

"அதான் கார்டுல இருபது இருக்கே தம்பி."

"அது தனி ஆளுக்குக்கா. இது மொத்த ஆர்டர். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் தைத்துக்கொண்டிருந்த ஓரத்தில் ஏழு தையல் போட்டாள்.

"ஒரே கேள்விதான். இப்போ இருக்கற மெத்தையில என்ன குறைன்னு கேளு. முதலாளி காதுல விழற மாதிரி கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இரு. அவங்க எவ்வளவு பேசினாலும் குறுக்கே போகாதே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

போனில் எழுதிக்கொண்டான். எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டான். "அக்கான்னா அக்காதான்" என்றான்.

அவள் கொடுத்த சரக்கில் கலப்படம் ஒரு துளி இல்லை. அந்தத் தொழிலில் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் வந்தால் நிற்கத் தரை இருக்கிறவர்கள்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி வந்து கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சைக் குறைத்து, எதிராளி பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கனத்த மனிதர். விடுதி அம்மா முன்வாசல் வழியாக வந்தாள். தையல் அறைக் கதவு விரல் நீளத்துக்குத் திறந்திருந்தது. இரண்டு மெஷினும் நின்றிருந்தன.

மேனேஜர் தண்ணீர் கொடுத்தான், மின்விசிறியைத் திருப்பிவிட்டான், தொண்டையைச் செருமினான்.

"மேடம், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்போ நீங்க வச்சிருக்கற மெத்தையில என்ன குறை?"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நல்ல கேள்வி என்று அவர் முகம் சொன்னது.

விடுதி அம்மாவுக்கு அவிழ்க்கக் காத்திருந்த மூட்டை. "என்ன குறைன்னு கேக்கறீங்களா? குறையத் தவிர அதுல என்ன இருக்கு? வாங்கி ஒரு வருஷம் ஆகலை, நடுவுல பள்ளம். வேர்வை நாத்தம், வெயில்ல போட்டாலும் போகலை. இருபத்தி நாலு பொண்ணுங்கள்ல பதினாலுக்கு முதுகு வலி. ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து படுக்கற பிள்ளைங்க, எழுந்திரிக்கும்போது கிழவிங்க மாதிரி எழுந்திரிக்குதுங்க."

கதவிடுக்கில் எப்போக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லியிருந்தாள் அல்லவா? அவனால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், அவனுடைய நாக்கு அரிக்கும்.

"அநியாயம் மேடம்!" என்றான் மேனேஜர், கையை விரித்து. "பிள்ளைங்க தூக்கத்துல விளையாடியிருக்கான். இப்படிப்பட்ட சரக்கைத் தலையில கட்டினவன் மனுஷனே இல்லை. எந்தக் கடை மேடம் அது?"

"லேபிள்ல உங்க கடைப் பேர்தான் போட்டிருக்கு."

அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. விரித்த கைகள் விரித்தபடியே நின்றன.

"அந்த மெத்தை எங்கம்மா?" என்றார் முதலாளி. அவர் அன்றைக்குப் பேசிய முதல் வாக்கியம்.

"உங்க பின்கட்டுலதான் இருக்கு. தைக்கக் கொடுத்து எத்தனை நாளாச்சு!"

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். எப்போக்கா துணியை விலக்கினாள். பிரித்த ஓரத்தை மடித்துக் காட்டினாள். முதலாளி குனிந்து நீல எழுத்தைப் படித்தார். கண்டக்டரை அவருக்கும் தெரியும்.

"யாரோட எழுத்து?"

"என்னோடதுங்க. நான் கேட்டு மூடின மெத்தை எல்லாத்துலயும் இருக்கும்."

"சார், இது அந்தப் புரோக்கர் பண்ணின வேலையா இருக்கும்" என்றான் மேனேஜர். "நம்ம லேபிளைத் திருடியிருப்பான்."

எப்போக்கா மேனேஜரை நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருடத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் இவ்வளவு மெதுவாக அவள் பேசியதில்லை.

"உறை வைக்கிற அலமாரி சாவி எப்போலேர்ந்து தம்பிகிட்ட இருக்கு?"

கேட்டுவிட்டு மனசுக்குள் தைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். ஐந்து. ஆறு.

"சாவி என்கிட்டதான் இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை வந்த ஆளுங்க எதையாவது எடுத்திருந்தா அதுக்கு நான் என்ன…"

ஏழாவது தையலுக்குத் தேவையே இருக்கவில்லை.

"எந்த ஞாயித்துக்கிழமை?" என்றார் முதலாளி. "நம்ம கடை ஞாயித்துக்கிழமை திறக்கறதே இல்லையேப்பா."

ரேடியோ குடைக் கதையைச் சொன்னாள், கேட்காமலே, ஆதியோடு அந்தமாக. மேனேஜர் பழைய சட்டையை ஆணியில் மாட்டியதுபோல நின்றான். எப்போக்கா அவனைக் கண்கொட்டாமல் பார்த்தாள். இந்த முகத்துக்காகத்தான் காத்திருந்தாள். ஒரு மடிப்புகூட விடாமல் பார்த்துவைத்துக்கொண்டாள்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "கார்டுல இருக்கற கேள்வியும் உன்னோடதுதானா?"

"கேள்வி மட்டுங்க. கேட்டுட்டுக் காத்திருக்கறது அதுல இல்லை."

அவர் தலையாட்டினார். "இவனை என்ன செய்யலாம், நீயே சொல்லு. இன்னையோட இவனுக்கு இங்க வேலை இல்லை. அது போக."

"இருபத்தி நாலையும் இன்னைக்கே திருப்பி எடுத்துட்டு, புதுசு கொடுத்துடுங்க. பழசை அவரே உட்கார்ந்து பிரிக்கட்டும். உள்ள எழுதியிருக்கறதை ஒண்ணொண்ணா சத்தமாப் படிக்கட்டும். அப்புறம் போகட்டும்."

அப்போதுதான் விடுதி அம்மா கேட்டாள். அதுவரை மஞ்சள் ஃபோமையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

எப்போக்காவுக்குப் பதில் தெரியும். ஆனாலும் அவளும் ஏழு தையல் எடுத்துக்கொண்டாள்.

"பதினெட்டு நாளாச்சு."

"பதினெட்டு நாளா அந்தப் பொண்ணு தரையில படுத்துக்கிட்டு இருக்கும்மா. ஒரு போர்வையை விரிச்சுக்கிட்டு. அன்னைக்கே உங்ககிட்ட கேக்க வாயெடுத்தேன், அதுவரைக்கும் மாத்து மெத்தை ஏதாவது கிடைக்குமான்னு. நீங்க ஏதோ நினைப்புல இருந்தீங்க."

யாரிடமும் எதையும் கேட்காமல் விடாதவள் அவள். அந்த ஒன்றைக் கேட்காமல் விட்டிருந்தாள். முன்கடையில் நூறு மெத்தை அடுக்கியிருந்தது; ஒன்றை உருவிக் கொடுத்தனுப்ப அரை மணி ஆகியிருக்காது. கொடுத்திருந்தால் மேனேஜருக்கு மூக்கு வியர்த்திருக்கும், திங்கட்கிழமை கைநழுவிப் போயிருக்கும். அதற்காக விட்டாளா, தோன்றவே இல்லையா? இதை அவளிடம் கேட்க யாரும் இல்லை.

மதியத்திலிருந்து அவளுடைய புருஷனின் வேன் விடுதிக்கும் கடைக்கும் ஓடியது. புதுசு போனது, பழசு வந்தது. மேனேஜர் தையல் அறைத் தரையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து பிரித்தான். தூசியில் கண் சிவந்து தும்மினான். இருபத்தி நாலில் பதினாறில் நீல எழுத்து இருந்தது.

"டீச்சரம்மா. இடப் பக்கம். அஞ்சு மணி. கழுத்து."

"சத்தமா" என்றாள் எப்போக்கா.

"தச்சர். மல்லாக்க. மூணு மணி. வலது தோள்."

"முன்கடைக்குக் கேக்கலை."

படித்தான். ரேடியோ பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடை வரலாற்றில் அதுவும் நடந்தது. எப்போக்கா ஸ்டூலில் நேராக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்தாள். இரக்கம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராததில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

பதினாறாவதைப் படித்து முடித்ததும் அவன் கத்தரியைக் கீழே வைத்தான். கார்டில் இல்லாத ஒரு கேள்வியை, அவளுக்குத் தெரிந்து முதல் தடவையாக, கேட்டான்.

"இவங்க எல்லாம் யாருக்கா?"

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான். அவள் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, அவனைத் தாண்டி முன்கடைக்குப் போனாள். அந்தப் பதிலை அவனுக்குக் கொடுப்பதாக இல்லை.

சாயங்காலம் வேனின் கடைசி நடையில் அவளும் ஏறிக்கொண்டாள். பின்னால் ஒரே ஒரு புது ஃபோம், உறையைத் தனியாக மடித்துவைத்து, மூடாமல். வழியில் புருஷன், தானாகவே, "எதுக்கு மூடாம எடுத்துட்டு வர்றே?" என்றார். கல்யாணமான நாளாக அவர் கேட்ட முழுக் கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"ம்" என்றாள் அவள்.

விடுதியின் இரண்டாம் மாடியில் நாலு கட்டில். மூன்றில் புது மெத்தை போட்டாயிற்று. நாலாவது கட்டில் வெறும் பலகை. அதன் பக்கத்தில் தரையில் போர்வை மடித்திருந்தது. இருபத்தி இரண்டு வயதுப் பெண், நர்ஸ் உடுப்பு மாற்றாமல் ஜன்னலில் சாய்ந்து நின்றாள். இந்த அக்கா எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

எப்போக்கா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். பெண் உட்கார்ந்தாள். மார்க்கரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, பதினோரு வருடமாகக் கேட்டதைக் கேட்டாள்.

"காலையில எழுந்ததும் முதல்ல எங்கம்மா கை வைப்பே?"

காத்திருந்தாள். பெண்ணின் கை இடுப்புக்குப் போகவில்லை. கழுத்துக்கும் போகவில்லை.

"தரையிலக்கா" என்றாள் அந்தப் பெண். "தரையில கை ஊணித்தானே எழுந்திரிக்க முடியுது."

எப்போக்கா ஃபோமின் பக்கவாட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். *நர்ஸ் பொண்ணு. தரை.* கொஞ்சம் நிறுத்தி, கீழே எழுதினாள்: *பதினெட்டு நாள்.* எழுத்து காய்கிற வரைக்கும் ஊதினாள். பிறகு அங்கேயே, கட்டில் பலகையில் உட்கார்ந்தபடி, கையாலேயே உறையைத் தைத்து மூட ஆரம்பித்தாள்.